அலை நிற்கிற இடம்

ஒன்பது அப்பளங்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. இரண்டு கைகள் அவற்றை ஒன்றொன்றாக ஈரத்துணியில் ஒற்றி எடுத்து, மைக்ரோவேவ் ஓவனுக்குள் இருக்கும் கண்ணாடித் தட்டில் மூன்று வரிசையாக அடுக்குகின்றன. விளிம்போடு விளிம்பு தொட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. கடைசி அப்பளம் கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. கைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒதுக்கிவிட்டு, வேறொன்றை எடுக்கின்றன. தட்டைச் சுழற்றும் மோட்டாரின் கம்பி ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருக்கிறது. கைகள் கதவைச் சாத்துகின்றன. உடனே வலது கால் பெருவிரல் சிமென்ட் தரையில் தட்டத் தொடங்குகிறது. நாற்பது தட்டு. அதற்கு மேல், அப்பளம் தவிர ஒன்றுமில்லாத காலிப் பெட்டியை ஓட விட்டால் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் சூடேறிக் கெட்டுவிடும். சுவரில் கடிகாரம் இருக்கிறது, யாரும் அதைப் பார்ப்பதில்லை. முப்பத்தொன்பதில் கை கதவுக்குப் போய்விடுகிறது.

திறந்தால் ஒன்பதும் ஒன்பது விதம். ஒன்று முழுக்கப் பொரிந்து வெளுத்திருக்கிறது. பக்கத்தில் உள்ளது பாதி பொரிந்து, மறுபாதி கடையிலிருந்து வந்த கோலத்திலேயே கிடக்கிறது. ஓரத்தில் ஒன்று கருகத் தொடங்கிவிட்டது. அதற்கு மூன்று விரற்கடை தள்ளி இருப்பதற்குச் சூடு பட்ட அறிகுறியே இல்லை. கைகள் அவற்றை வரிசை கலையாமல் ஒரு பழைய காலண்டர் தாளின் முதுகுக்கு மாற்றி, பொரிந்த இடங்களைப் பென்சிலால் சுற்றுகின்றன.

"இஞ்ச நிக்குது," என்கிறது குரல். "இஞ்ச இல்ல. பின்ன இஞ்ச நிக்குது."

நிற்பது அலை. சொல்பவள் ராஜபாய்.

சாலை பஜாரில் அப்பளமும் வெல்லமும் விற்கும் மாடம்மாள் கடைக்கு மேலே, பதினாறு மரப்படி ஏறினால் வரும் ஒற்றை அறைதான் அவளுடைய ஓவன் ரிப்பேர் கடை. பெயர்ப்பலகை கிடையாது. படியடியில் ஒரு பழைய ஓவன் கதவைத் தொங்க விட்டிருக்கிறாள், அதுதான் பலகை. வயது ஐம்பத்து மூன்று. ஊர் குழித்துறைப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து முப்பது வருஷம் ஆகப் போகிறது. இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்து வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அறையில் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் ரேடியோ உட்கார்ந்திருக்கும்.

தேநீர் வந்தால் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே குடிப்பாள். ஜன்னலுக்கு ஒரு வாய், மேசைக்கு ஒரு வாய். வலது கை திருகாணி கழற்றும்போது இடது கை சும்மா இருக்காது, கழற்றியவற்றை உயர வாரியாக நிறுத்திக்கொண்டே வரும். ஓவனின் முதுகைத் திறந்ததும் இரண்டு வளையலையும் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுவாள். பிறகு நீளப்பிடி ஸ்க்ரூடிரைவரால் கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டு, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்குவாள். பட்டென்று ஒரு பொறி தெறிக்கும். "ஸ்தோத்திரம்." பொறி வராத நாளிலும் ஸ்தோத்திரம் உண்டு. வராத பொறிக்குத்தான் கூடுதல் நன்றி சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி.

காலால் எண்ணுவது டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் வந்த பழக்கம். கல்யாணமான புதிதில் அங்கே செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் வேலை பார்த்தாள். ஒரு சுருளுக்கு எண்ணூற்றுச் சொச்சம் சுற்று. வாயால் எண்ணினால் பக்கத்திலிருப்பவள் ஏதாவது கேட்டதும் கணக்கு தப்பும். காலுக்கு யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அந்த வேலை அவளுக்கு இன்னொன்றையும் கற்றுக் கொடுத்தது. உலகத்துச் சாமான்கள் இரண்டு வகை, கரண்ட் ஏறுவது, ஏறாதது. செம்பில் ஏறும்; தாளிலும் வார்னிஷிலும் மைக்காவிலும் ஏறாது. ஏறுவதைப் பார்த்து நட, ஏறாததை மறந்துவிடு. கம்பெனியில் சூப்பர்வைசர் முதல் நாள் சொன்ன இந்த வாக்கியத்தை அவள் முப்பது வருஷம் வேதவாக்காகவே வைத்திருந்தாள்.

ஓவன் அவளிடம் வந்தது வேறு வழியாக. கணவர் சற்குணம் வேலை பார்த்த தம்பானூர் ஓட்டலில் ஒரு ஓவனின் தட்டு சுற்றாமல் நின்றுவிட்டது. அதில் வைத்த முட்டை பப்ஸ் ஒரு முனையில் நாக்கைச் சுடும், மறுமுனையில் ஜில்லென்று இருக்கும். மெக்கானிக் வந்து பழைய மிஷின் என்றார். பழைய மிஷின் என்றால் முழுவதும் அல்லவா சுடாமல் போக வேண்டும், பாதி எப்படிப் போகும் என்பது ராஜபாயின் கேள்வி. ஓட்டல் தூக்கிப் போட்ட அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். ஒரு வாரம் பப்ஸை விரல் விரலாக நகர்த்தி வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தொட்டறிவது போதாமல், கண்ணுக்குக் காட்டிக் கொடுக்கிற ஒன்றைத் தேடியபோது அப்பளம் அகப்பட்டது.

கீழ்க்கடை மாடம்மாளுக்கு இதில் தீராத மனத்தாங்கல். திருநெல்வேலிக்காரி, தராசைத் தூக்கிப் பிடித்தபடியே பேசுவாள். "வயித்துக்கு அப்பளம் வாங்குதவள பாத்திருக்கேன். பெட்டிக்கு வாங்குதவள ஒன்னையத்தான் பாக்கேன், ராஜபாயி. ஒரு நா ஒண்ண எண்ணெயில போட்டுத் தின்னு பாரு, நல்லாத்தான் இருக்கும்."

அலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ராஜபாய் அறையின் குறுக்கே கட்டியிருக்கும் துணி உலர்த்தும் கயிற்றைக் காட்டுவாள். ஒரு முனை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கும், மறுமுனையைக் கதவுக் கொக்கியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். கழற்றுவதற்கு முன் அதில் தொங்கும் ஈரத்துணிகளை எடுத்து மேசையில் போட்டுவிடுவாள். ஒருமுறை உதறினால் ஒரு வளைவு ஓடிப்போய்க் கம்பியில் முட்டித் திரும்பி வரும். விடாமல் ஒரே தாளத்தில் உதறினால், போவதும் வருவதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஓட்டம் மறைந்துவிடும். கயிற்றில் சில இடங்கள் ஓயாமல் துள்ளும். நடுநடுவே சில இடங்கள் அசையவே அசையாது. "ஓவனுக்க உள்ளயும் இதுதான். செவுத்துக்குச் செவுரு முட்டி, கடைசில நிண்ணுபோவும். துள்ளுற இடத்துல வச்சா வேவும், சும்மா இருக்கிற இடத்துல வச்சா பச்சையாக் கெடக்கும். அதுக்குத்தான் தட்டு சுத்துது." இதைச் சொல்லி முடிப்பதற்குள் கயிற்றை விட்டுவிட்டு வேறு பெட்டிக்குப் போயிருப்பாள்.

சரி பார்த்து அனுப்பிய பெட்டி தன் படியை இரண்டாம் தரம் ஏறியதில்லை என்பது அவளுடைய ஒரே பெருமை. லிஜோவின் ஓவன் மூன்றாம் தரம் ஏறியது ஒரு புதன்கிழமை, துலா மாதத்து மழை மூட்டத்தில்.

லிஜோவுக்கு முப்பது வயது. கரமனையில் பல் லேப் வைத்திருக்கிறான். டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அவன் பல்செட் செய்து அனுப்புவான். பிளாஸ்டர் நிரப்பி இரண்டு பாதியாக மூடும் கனத்த பிளாஸ்டிக் அச்சுப்பெட்டிக்குள் ரோஜா நிற மாவை அழுத்தி, வேக வைக்க வேண்டும். முன்பெல்லாம் வெந்நீரில் மணிக்கணக்காகக் கிடக்கும். இதற்கென்றே வருகிற மாவு வாங்கினால் ஓவனில் சில நிமிடம் போதும். அதற்காகக் கோடையில் ராஜபாயிடமே ஒரு பழைய ஓவன் வாங்கினான். கடையிலேயே வைத்துப் பார்த்தபோது அச்சுப்பெட்டியின் கனத்தில் தட்டு திக்கித் திக்கிச் சுற்றியது. தட்டு சுற்றவே வேண்டாம் சேச்சி, சமமாகச் சூடு வரும் இடத்தை மட்டும் குறித்துக் கொடுங்கள் என்றான்.

ராஜபாய் மோட்டாரைக் கழற்றினாள். அப்பளம் வைத்தாள். இருபது முப்பது தடவை வைத்திருப்பாள். நடுவுக்குச் சற்று இடப்பக்கம், ஒரு கை அகலத்துக்கு அப்பளம் முழுவதும் ஒரே நிறத்தில் பொரிந்தது. நான்கு மூலையிலும் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்தாள். "இந்த நாலு பொட்டுக்குள்ள வை, மக்கா. கண்ண மூடிட்டு வை."

முதல் பல்செட்டின் வலது கடைவாய்ப் பக்கம் கடற்பஞ்சு போலக் குமிழ் விட்டிருந்தது. இரண்டு நாளில் அங்கேயே விரிசல் கண்டது. லிஜோ ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்தான். ராஜபாய் மேக்னட்ரானை மாற்றிக் கொடுத்தாள். இரண்டாவதும் குமிழ். அலை நுழையும் வாயை மூடியிருக்கும் மைக்காத் தகட்டை மாற்றினாள். மூன்றாவதும் குமிழ். மூன்றும் ஒரே ஆளின் பல்செட். அந்த ஆள் இப்போது ஓவனுக்குப் பின்னாலேயே படியேறி வந்து நின்றார்.

நயினாரின் முகம் தெரியாதவர்கள் சாலை பஜாரில் உண்டு. குரல் தெரியாதவர்கள் இல்லை. ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக் கடைத் திறப்பு, தள்ளுபடி, திருவிழா எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்வது அவர் தொழில். ஒரு மூச்சு மலையாளம், மறு மூச்சு தமிழ். நடுவில் தண்ணீர் குடிக்க மாட்டார். மேல்வரிசைப் பற்களை முழுவதும் எடுத்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஒரு தோர்த்துத் துண்டு அவர் வாயை விட்டு இறங்கவில்லை. வலது கையால் மூக்குக்குக் கீழே பிடித்தபடியே நடப்பார், பஸ் ஏறுவார், அதற்குப் பின்னாலிருந்தே தேநீர் குடிப்பார். நான்கு தடவை வாயில் அச்சுப் பசை வைத்தாயிற்று. நான்காவது அச்சு தயார்.

ஞாயிற்றுக்கிழமை சாலையில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு இருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீப் கிளம்ப வேண்டும். பல் வந்தால் நயினார், வராவிட்டால் நெய்யாற்றின்கரையிலிருந்து வேறொருவர் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஒருமுறை வேறு குரல் ஏறினால் அதன் பிறகு ஜீப் யாரைக் கூப்பிடும் என்று நயினாருக்குத் தெரியும். இதையெல்லாம் சொன்னவன் லிஜோ. நயினார் ஸ்டூலிலிருந்த ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனிமேல் வார்த்தையை நம்பிப் பயனில்லை, கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

ராஜபாய்க்கு அது பெரிய இடைஞ்சல். மேசைக்கும் ஜன்னலுக்கும் அவள் நடக்கிற வழி ஸ்டூலை ஒட்டித்தான் போகும். அன்று முழுவதும் அவரைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

லிஜோ மூன்று பல்செட்டையும் மேசையில் வரிசையாக வைத்தான். ராஜபாய் குனிந்து பார்த்தாள். மாவில் கோளாறு என்றால் குமிழ் கண்ட கண்ட இடத்தில் இருக்கும். இங்கே மூன்றிலும் வலது கடைவாய். ஒரு பக்கம் மட்டும் சூடு மிஞ்சி, மாவில் கலந்த திரவம் கொதித்திருக்கிறது. அப்படியானால் இடம் தப்பு. ஆனால் இடம் தப்பில்லை. மறுபடியும் அப்பளம் வைத்துப் பார்த்தாள். நான்கு பொட்டுக்குள்ளும் ஒரே வெளுப்பு.

"பாத்தியா. அப்பளம் பொய் சொல்லாது."

லிஜோ மூன்றாவது பல்செட்டை அப்பளத்தின் பக்கத்தில் வைத்தான். பிறகு, "சொல்லாது. பக்ஷே பல்லும் பொய் சொல்லாதே, சேச்சி," என்றான். "இந்தத் தடவையும் போச்சுன்னா டாக்டர் எனக்கு வேலை குடுக்கறத நிறுத்திடும். அத விடு. இவரு அஞ்சாமத்த தடவ வாய் காட்டணும்."

கணக்கு பிடிபடாத நேரத்தில் ராஜபாயின் கை கயிற்றுக்குப் போகும். கொக்கியிலிருந்து முனையைக் கழற்றி, துணிகளை எடுக்க மறந்து, அப்படியே உதறத் தொடங்கினாள். கயிற்றின் நடுவுக்கு அப்பால் நனைந்த துடைப்புத் துணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக உதறிய கயிறு. எந்த இடம் துள்ளும், எந்த இடம் நிற்கும் என்று அவள் மணிக்கட்டுக்கு மனப்பாடம். இன்று நிற்கவில்லை. ஜன்னல் ஓரம் அசையாமல் இருக்க வேண்டிய இடம் துள்ளியது. துணி தொங்கும் பக்கத்தில் வளைவுகள் நெருக்கியடித்துக் குட்டையாகின.

துணியை எடுத்தாள். எல்லாம் பழைய இடத்துக்கு வந்தது. தொங்க விட்டாள், மறுபடி இடம் மாறியது. இன்னும் கொஞ்சம் கனமாக வேண்டியிருந்தது. திரும்பி, நயினாருக்கு முன்னால் கையை நீட்டி, அந்தத் தோர்த்தைத் தரச் சொன்னாள். நயினார் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, தோர்த்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ராஜபாய் நீட்டிய கையாலேயே மேசையில் கிடந்த சணல் பையை எடுத்து நனைத்துக் கயிற்றில் போட்டாள்.

மூன்று தடவை உதறினாள். பிறகு கயிற்றைக் கீழே போட்டாள்.

"நான் காலிப் பெட்டிய பாத்து பொட்டு வச்சேன், மக்கா."

லிஜோவுக்குப் புரியவில்லை.

"ஒனக்க அச்சுப்பெட்டில இருக்கிறது பிளாஸ்டிக்கு, பிளாஸ்டரு. ரெண்டுலயும் கரண்டு ஏறாது. கரண்டு ஏறாத சாமானத்த அலையும் கண்டுக்காது, சும்மா சூட மட்டும் வாங்கிக்கும்னு நெனச்சேன். அப்பிடி இல்ல. அது உள்ள போனதும் அலை அதுக்க உள்ள மெல்லப் போவுது, மடங்குது. அதுக்குத் தக்கன வெளிய நிக்கிற இடமும் மாறுது. நீ பெட்டிய உள்ள வச்ச நிமிஷமே எனக்க பொட்டு செத்துப்போச்சு."

அவள் குரலில் தோல்வி இல்லை, எரிச்சல்தான் இருந்தது. முப்பது வருஷம் கம்பிக்கு உறையாகவும் அலைக்கு வாசலாகவும் அவள் கையால் தொட்டுக்கொண்டிருந்த தாளும் மைக்காவும் அந்த வகைதான். அவற்றை ஒரு தடவைகூட அவள் கணக்கில் சேர்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை பழைய நான்கு பொட்டையும் பிளேடால் சுரண்டினாள். மாடம்மாளிடம் இரண்டு கட்டு அப்பளம் வாங்கினாள். "பல்லுக்குமா அப்பளம்?" என்றாள் மாடம்மாள். "பல்லு இருக்கவன் தின்னட்டும், இல்லாதவன் என்ன செய்வான்?" மேலே ஸ்டூலில் இருந்தவருக்கும் அது கேட்டிருக்கும்.

லிஜோ நான்கு அச்சுப்பெட்டிகளில் வெறும் பிளாஸ்டர் நிரப்பிக் கொண்டுவந்திருந்தான். ஒன்றை உள்ளே வைத்துச் சுற்றிலும் மேலேயும் அப்பளம் பரப்பினாள். நாற்பது தட்டு. திறந்தபோது அப்பளங்கள் வேறு ஓவனில் பொரிந்தவை போலிருந்தன. காலிப் பெட்டியில் வெளுத்த இடம் இப்போது பச்சை. பச்சையாக இருந்த வலப்புறச் சுவரோரம் கருகல். மூன்று பல்செட்டும் எந்தப் பக்கம் குமிழ் விட்டதோ அந்தப் பக்கம்.

வெளியே தெரிந்தது. அச்சுப்பெட்டிக்குள்ளே என்ன நடக்கிறது? அங்கே அப்பளத்தை வைக்க முடியாது. ராஜபாய் தடதடவென்று இறங்கிப் போய் மாடம்மாளின் பில் மிஷினிலிருந்து ஒரு முழம் தாளை இழுத்துக் கிழித்துக்கொண்டு வந்தாள். அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும், அவ்வளவுதான். அச்சுப்பெட்டியின் இரண்டு பாதிக்கும் நடுவே அதை வைத்து மூடி, ஓவனைப் பாதி நேரத்தில் நிறுத்திப் பிரித்தாள். தாளின் வலப்பாதி கரி. இடப்பாதியில் ஒரு சாம்பல் நிழல் மட்டும்.

பிறகு அது விரல் கணக்கு வேலையாயிற்று. அரை விரற்கடை இடப்பக்கம், புதுத் தாள், பாதி நேரம், பிரி. ஒரு விரற்கடை முன்னால், புதுத் தாள். சூடான பெட்டி ஆறும்வரை அடுத்த பெட்டி. உட்காராதவளுக்குத் தக்க வேலை. மத்தியானத்துக்குள் இருபது தாள் சுவரில் வரிசையாகத் தொங்கின. சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு தாள் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சாம்பல் நிறமாக வந்தது. லிஜோ அதை வாங்கி நயினாரிடம் காட்டினான். நயினார் தோர்த்துக்கு மேலே கண்ணை மட்டும் உயர்த்தினார்.

உறுதிக்கு இன்னொரு தடவை அதே இடத்தில் வேறு பெட்டியை வைத்தாள். பாதி கரி.

லிஜோ சுவரில் சாய்ந்துவிட்டான். ராஜபாய் ஜன்னலுக்கு நடந்தாள், மேசைக்கு நடந்தாள். இரண்டு அச்சுப்பெட்டியையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தாள். ஏற்றி இறக்கினாள். அப்படியே கீழே எடுத்துக்கொண்டு போனாள். மாடம்மாளின் தராசு ஒன்றுக்கு ஒரு கிலோ நூற்றி நாற்பது காட்டியது; மற்றதற்கு ஒரு கிலோ தொண்ணூறு.

"எப்பம் ரொப்பினது இது?"

ஒரே சாம்பல் தந்த கனமான பெட்டி அன்று காலை நிரப்பியது, மற்றது முந்தின நாள். லேப் மேசையில் மின்விசிறிக்கு அடியில் கிடந்து காய்ந்துவிட்டது.

"அம்பது கிராம் தண்ணி," என்றாள் ராஜபாய். "ஒரு டம்ளருல கால்வாசி. அதுக்கே அலை இடம் மாறுது. ஈரம் ஒண்ணு, காய்ஞ்சது வேற ஒண்ணு. அலைக்கு ரெண்டும் ரெண்டு சாமானம்." சொல்லிவிட்டு லிஜோவிடம் விரலை நீட்டினாள். இனி ஒவ்வொரு பெட்டியும் தண்ணீரில் முங்கிக் கிடக்க வேண்டும், எடுத்துத் துடைத்துத் தராசில் ஒரு கிலோ நூற்றி நாற்பது காட்டிய பிறகுதான் ஓவனுக்குள் போக வேண்டும். இரண்டு மூன்று கிராம் போனால் போகட்டும்; பத்து கிராம் என்றால் வைக்காதே.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நயினாரின் பல்செட் உள்ளே அடங்கிய அச்சுப்பெட்டி வந்தது. தராசில் ஒரு கிலோ நூற்றி முப்பத்தெட்டு. ராஜபாய், போகட்டும் என்று தானே சொன்ன அந்த இரண்டு கிராமுக்காக, ஈரத்துணியைச் சுற்றிக் கால் மணி நேரம் வைத்தாள். வெளியே கோட்டைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி தொடங்கினால் கரண்ட் போய்விடும் என்று லிஜோ சொல்லிக்கொண்டே இருந்தான். அவளுக்குத் தெரியாதா. ஆனாலும் துணியை நேரத்துக்கு முன்னால் அவிழ்க்கவில்லை.

புதுப் பொட்டுகள் நான்கும் முந்தின நாளே வைத்துக் காய்ந்திருந்தன. வலப்புறச் சுவரிலிருந்து தள்ளி, வெறும் ஓவனில் அப்பளம் பொரியவே செய்யாத ஒரு இடம். பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும் இடம். அதில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கால் எண்ணத் தொடங்கியது. நூற்றி எண்பது தட்டு. நூற்றைம்பதில் தூரத்தில் ஒரு இடி உருண்டது. விளக்கு ஒரு தடவை மங்கி நிமிர்ந்தது. நூற்றி எண்பதில் ஓவன் தானாக நின்றது. "ஸ்தோத்திரம்," என்றாள். அதற்கு அடுத்த இடியில் பஜார் முழுவதும் இருண்டது.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அச்சுப்பெட்டி தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால் பல்செட் கோணிவிடும். ஒன்றரை மணி நேரம். மழை கொட்டியது. ராஜபாயின் வாழ்க்கையில் இதைவிடக் கஷ்டமான ஒன்றரை மணி நேரம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். திருகாணிகளைக் கொட்டி மறுபடி அடுக்கினாள். படியிறங்கினாள், ஏறினாள். சுவரில் தொங்கிய தாள்களை எடுத்து வரிசை மாற்றி மாட்டினாள். மேசையிலிருந்து ஜன்னலுக்கு, ஸ்டூலைச் சுற்றி, ஜன்னலிலிருந்து மேசைக்கு.

மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த நயினார் எழுந்தார். ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கி, ஸ்டூலை ஒற்றைக் கையால் தூக்கிக் கதவோரமாகப் போட்டுவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றார்.

"நடங்க," என்றார், தோர்த்துக்குள்ளிருந்து.

அவள் கடையில் அவர் பேசிய முதல் சொல் அது. ராஜபாய் நடந்தாள்.

ஒரு மணிக்கு லிஜோ அச்சுப்பெட்டியைத் திறந்து, சின்னச் சுத்தியலால் பிளாஸ்டரைத் தட்டி உடைத்தான். ரோஜா நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பிரஷ்ஷால் பொடியைத் தட்டிவிட்டு, வலது கடைவாய்ப் பக்கத்தைப் பார்க்காமலேயே ராஜபாயிடம் நீட்டினான். அவள் மழை வெளிச்சத்துக்கு நேராக ஜன்னலில் பிடித்து, லென்ஸை வைத்து, முதலில் இடது பக்கம் பார்த்தாள். பிறகு நடு. பிறகு வலது. கட்டைவிரல் நகத்தால் அந்த ஓரத்தை ஒரு தரம் கீறினாள். கண்ணாடியைக் கீறுவது போலிருந்தது.

"போயி பாலிஷ் போட்டுக் கொண்டு வா," என்றாள்.

லிஜோ மழையில் நனைந்துகொண்டே கரமனைக்குப் போய், நாலேகாலுக்குத் திரும்பினான். கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் பல்வரிசை. ஐந்து மணிக்கு டாக்டர் பார்த்து வாயில் பொருத்த வேண்டும், நேராகக் கிளினிக்குக்குப் போய்விடலாம் என்றான். கிளம்புவதற்காக ஓவனைத் தூக்கித் தோளில் வைத்தான். புதுப் பொட்டுகளோடு அது நான்காம் தரமாகப் படியிறங்கத் தயாராயிற்று. டப்பாவைப் பிடிக்கக் கை போதவில்லை. ராஜபாய் அதை வாங்கிக்கொண்டாள்.

"டாக்டரு வாயில வைக்கட்டும். கையில நான் குடுக்கேன்."

நயினார் சுவரை விட்டு முன்னால் வந்து, இடது கையை நீட்டினார். வலது கையில் தோர்த்து இருந்தது. அவள் டப்பாவை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் ஒரு தடவை அலைந்து, நின்றது.

பிறகு அவர் முகத்துக்கு முன்னால் தன் இன்னொரு கையை நீட்டி, தோர்த்துக்காக அசையாமல் நின்றாள்.